நிரந்தரவாசி – அத்தியாயம் 14: மெயின் அப்ளிகன்ட்

போன வாரம் ஆறுமுகநயினாரை ஏணியின் நடுப்படியில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், மனிதர் இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

ஏணி எதற்கு என்று இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் கேட்கலாம். ஃபிளெக்ஸ் கட்டுவதற்கு. ஃபிளெக்ஸ் எதற்கு? அவருடைய ஒரே மகன் கிரீஷுக்கு, ஆஸ்திரேலியாவில் ஒன்பது வருஷம் தற்காலிகமாகவே வாழ்ந்து தீர்த்த பிறகு, அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை வந்திருக்கிறது. பி.ஆர். அந்த இரண்டு எழுத்தும் காதில் விழுந்த நாள் முதல் நயினாருக்கு சாலைக் கம்போளக் கடைத்தெருவில் உள்ள தன் பைப்புக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. அரை இஞ்ச் எல்போ கேட்டு வந்தவனிடம்கூட, "எடுத்துத் தாரேன்டே. பையனுக்கு பி.ஆர். ஆயிட்டு, கேட்டியா?" என்றுதான் ஆரம்பித்தார்.

பெருமைக்குப் பின்னால் ஒரு பழைய புண்ணும் உண்டு. நயினாரின் தாத்தா நாகர்கோவில் பக்கத்திலிருந்து கேரளத்து ஸ்ரீவராகத்துக்கு வந்தவர். ஓட்டு இங்கே, வீட்டு வரி இங்கே, பழவங்காடி கணபதிக்கு உடைக்கிற தேங்காய் இங்கே. ஆனாலும் புதிதாக யாராவது அறிமுகமானால், பேரைக் கேட்ட கையோடு, "நாட்டில் எவிடெயா?" என்பார்கள். சொந்த ஊர் எது என்று விசாரிக்கிறார்களாம்! மூன்று தலைமுறையாக இதே தெருவில் குப்பை கொட்டியும் அவருக்கு யாரும் பி.ஆர். கொடுக்கவில்லை.

ஆகவே மகனுக்குக் கிடைத்ததைத் தெருவே பார்த்தாக வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் குளத்தங்கரை ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஹாலில் அனுமோதன யோகம். பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ ப்ளஸ் வாங்கிய பிள்ளைகளுக்கு நடத்துகிற அதே பாராட்டுக் கூட்டம். இந்தப் பிள்ளைக்கு வயது முப்பத்தைந்து, முன்மண்டையில் முடி குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அத்தான்," என்றான் தாணுமாலையன், கீழே ஏணியைப் பிடித்தபடி. நயினாரின் மனைவி பகவதிக்கு அவன் உடன்பிறந்த தம்பி. அசோசியேஷனுக்குச் செயலாளர். "அந்தக் கை ஆருக்கு உள்ளது?"

"எந்தக் கை?"

"கிரீஷுக்கு ரெண்டு கையும் கீழ தொங்குது. மூணாவதா ஒண்ணு அவன் முழங்கையைப் பிடிச்சிட்டு நிக்குதே."

நயினார் இரண்டு படி இறங்கி, கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். ஃபிளெக்ஸில் கிரீஷ் கோட்டு போட்டுக்கொண்டு, எட்டடி உயரத்தில், ஒரு கங்காருவுக்கும் ஒரு பாலத்துக்கும் நடுவே சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது முழங்கையை, வளையலும் மருதாணியுமாக ஒரு பெண் கை, மணிக்கட்டு வரைக்கும் மட்டும், கெட்டியாகப் பிடித்திருந்தது.

மகன் கோட்டு போட்ட படம் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருந்தது. கல்யாண ரிசப்ஷனில் எடுத்தது. பக்கத்தில் நின்ற மணப்பெண்ணை வெட்டிவிடச் சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஃபிளெக்ஸ் கடைக்காரன் பெண்ணை வெட்டினான். கையை வெட்டினால் கோட்டு கிழியும் என்று விட்டுவிட்டான்.

"பெயின்ட் வச்சு அடிச்சிரலாமா அத்தான்?"

"அது கெடக்கட்டும்." வாசலில் தேநீர் டம்ளரோடு வந்து நின்ற பகவதி பதில் சொன்னாள். "ஆளைத்தான் வரவிடல்லை. ஒரு கையாவது வந்திருக்கு."

நயினார் தேநீரை வாங்கிக்கொண்டார், பதிலை வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி ஆதிரா. நெய்யாற்றின்கரைக்காரி. ஆஸ்திரேலியாவில் நர்ஸ். கிரீஷ் அவளை அங்கே பார்த்து, இங்கே வந்து கட்டிக்கொண்டு நாலு வருஷம். கல்யாணத்துக்கு நயினார் போனார், மூன்றாவது வரிசையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார், வாழையிலைச் சத்யை சாப்பிட்டார். இரண்டாம் பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில், பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "நம்ம வீட்டுல ஊசி போடுததுக்கு ஆள் தேவைப்படல்லை பாத்துக்கிடுங்க."

அன்று காலைதான் பகவதி அவருக்கு இன்சுலின் ஊசி போட்டிருந்தாள் என்பது வேறு கதை. அந்த நேரம் பார்த்து மணப்பெண், பந்தியை விசாரித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"அப்பா வாய் திறந்து வீட்டுக்கு விளிக்காம, அந்த வாசல் நான் மிதிக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டாள் ஆதிரா. "விளிக்கமாட்டேன்," என்றார் நயினார். அவர் கூப்பிடவில்லை, அவள் வரவில்லை; நாலு வருஷமாக இரண்டு பேரும் சொன்ன சொல் காத்து வருகிறார்கள். இந்தத் தடவையும் விமான நிலையத்திலிருந்து கிரீஷ் ஸ்ரீவராகத்துக்கு வந்தான், ஆதிரா அம்மா வீட்டுக்குப் போனாள். நடுவில் பகவதி, இரண்டு பக்கமும் இழுக்கிற கயிறாக நைந்துகொண்டிருக்கிறாள்.

அதனால்தானோ என்னவோ, இன்று காலை இன்சுலின் ஊசி கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது.

"அம்மோவ்! ஏட்டி, மாட்டுக்கா போடுத?"

"எனக்குத் தெரிஞ்ச லட்சணம் இவ்வளவுதான். படிச்சவ ஒருத்தி இருந்தா வலிக்காமப் போடுவா." பகவதி ஊசியைக் குப்பையில் போட்டாள். "இருக்கட்டும். அவன் கொண்டுவந்த பெட்டியைப் பாத்தியளா? ஒண்ணைத் திறந்தா உள்ள குக்கர். அவன் மொத மொத போகும்போ நான் குடுத்துவிட்டது. கைப்பிடி ஒடிஞ்சு கம்பி சுத்தின அதே குக்கர். லீவுக்கு வாரவன் குக்கரைச் சுமந்துட்டு வருவானா?"

"பி.ஆர். கெடச்சவன் அங்க புதுசு வாங்குவான். உனக்கு உள்ளதை உனக்கே திருப்பித் தந்திருக்கான். மரியாதை தெரிஞ்ச பய."

பகவதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அர்த்தம் சொன்னால் இந்த அத்தியாயம் போதாது.

மரியாதை தெரிந்த பயல் குளித்துவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். வந்ததிலிருந்து நுனியில்தான் உட்காருகிறான்.

"அப்பா, ஃபங்ஷன்ல எல்லாம் வச்சுக்கோங்க. கேள்வி-பதில் மட்டும் வேண்டாம்."

"ஏன்லே? நோட்டீஸ்ல போட்டாச்சு. 'வெளிநாட்டில் நிரந்தர வசிப்பிடம்: வழிமுறைகளும் அனுபவங்களும்.' தாணுமாலையன் மலையாளத்துலயும் அடிச்சிருக்கான்."

"வந்தோமா, பழம்பொரி தின்னோமான்னு போகட்டும்ப்பா."

"கேக்கட்டும்லே. பதில் இருக்கப்பட்டவனுக்கு என்ன பயம்?"

பதில் இருந்ததுதான் கிரீஷின் பயம். அதை அவன் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நயினார் மேடைப் பேச்சை ஒத்திகை பார்க்க நிலைக்கண்ணாடிக்கு முன்னால் போய்விட்டார்.

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. பி.ஆருக்காக வந்தவர்கள் பாதி, வாழைக்காய் பஜ்ஜியா பழம்பொரியா என்று பார்க்க வந்தவர்கள் மீதி. மேடையில் அசோசியேஷன் தலைவி சரோஜம் டீச்சர் நடுநாயகமாக வீற்றிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கூட்டம் தாமதமாக ஆரம்பித்தால் செயலாளரை முட்டி போடச் சொல்லிவிடுவாரோ என்று தாணுமாலையனுக்கு எப்போதும் உள்ளூர ஒரு நடுக்கம்.

விளக்கேற்றினார்கள். பிரார்த்தனைப் பாட்டுக்கு இடையில் மைக் கூவியது. கிரீஷுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் அதற்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இழுத்து மூடிக்கொண்டான்.

பிறகு நயினார் எழுந்தார்.

"பெருமதிப்பிற்குரிய தலைவி அவர்களே! என் மகன் எப்படிப் போனான்? ஒரு பெட்டியும் ஒரு குக்கருமாகப் போனான். எப்படி ஜெயித்தான்? யாருடைய தயவும் இல்லாமல்! சொந்தக் காலில்! சொந்த மூளையில்! அந்நிய நாட்டு அரசாங்கமே அவனைப் பார்த்து, 'கிரீஷ், நீ போகக்கூடாது, இங்கேயே இரு' என்று..."

முன்வரிசை கைதட்டியது. அந்தத் தட்டலின் மேலேயே நின்றுகொண்டு அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்த்தவர் கடைசி வரிசையில் தடுக்கினார்.

பகவதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், பச்சைச் சுடிதாரில், ஃபிளெக்ஸில் விட்டுப்போன மீதி ஆள்.

பகவதியின் ஏற்பாடுதான் இது. மத்தியானம் நெய்யாற்றின்கரைக்குப் போன் போட்டு, "மோளே, ஹால் அசோசியேஷனுக்கு உள்ளது. அது அவருக்க வீடு இல்லியே. அங்க வரதுக்கு அவரு எதுக்கு விளிக்கணும்?" என்று வாதாடியிருந்தாள். வக்கீல் படிப்பு படிக்காதது அவள் தப்பில்லை.

நயினாருக்கு அடுத்த வாக்கியம் மறந்துவிட்டது. "...இரு என்று சொன்னது. நன்றி," என்று முடித்துக்கொண்டார்.

"இனி கேள்விகள்," என்றான் தாணுமாலையன். யாரும் எழுந்திருக்கவில்லை. பழம்பொரி வாசனை வந்துகொண்டிருந்தது. கிரீஷின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது.

"ஆரும் இல்லேன்னா நான் ஒண்ணு கேக்கட்டே?" சரோஜம் டீச்சர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். அவருடைய மகள் திவ்யலட்சுமி அயர்லாந்தில் நர்ஸ். வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற அந்தத் தெருவில், விசா விவகாரம் தெரியாதவர் என்று பார்த்தால் நயினார் ஒருவர்தான் மிச்சம். "கிரீஷே, மெயின் அப்ளிகன்ட் ஆரு?"

டீச்சர் மனதில் ஒரு குண்டூசியளவு விஷமமும் கிடையாது. கேரளத்தில் அது "ஊணு கழிஞ்ஞோ?", சாப்பிட்டாச்சா, என்பதைப் போல ஒரு குசலம். பி.ஆர். என்றால் அடுத்த கேள்வி, விண்ணப்பம் யார் பேரில் என்பதுதான்.

கிரீஷ் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். மூடினான்.

"அது வந்து டீச்சர்... ஃபேமிலி அப்ளிகேஷன்..."

"ஃபேமிலியில மெயின் ஆரு?"

மகன் தடுமாறுவது நயினாருக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பறித்தார். "இதென்ன கேள்வி டீச்சர்? என் மகன்தான் மெயின்! பின்னே ஆரு?"

'ஆரு... ஆரு...' என்று ஹாலின் பழைய ஸ்பீக்கர் அதை இரண்டு முறை திருப்பிக் கேட்டது.

"அப்பா," என்றான் கிரீஷ் மெல்ல. மைக் அப்பாவின் கையில் இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. "நான் டிபென்டன்ட்."

"அப்படின்னா?"

"ஆதிராதான் மெயின். அவளுக்குத்தான் கெடச்சுது. அவளுக்க புருஷன்கிறதுனால எனக்கும் தந்தாங்க."

நயினார் மகனைப் பார்த்தார். "நீ எங்கிட்ட பி.ஆர். கெடச்சுதுன்னு சொன்னியே?"

"கெடச்சுதுன்னுதான் சொன்னேன். ஆருக்குன்னு நீங்க கேக்கல்லை."

ஹாலில் பழம்பொரிக்கு வந்தவர்களும் பழம்பொரியை மறந்தார்கள்.

கிரீஷ் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். திறந்த குழாயை இனி மூட முடியாது. "என் வேலையை அவங்க லிஸ்ட்டுல இருந்து தூக்கிட்டாங்க. ரெண்டு கம்பெனி பூட்டிட்டான். நாலு வருஷம் முன்னாடியே மூட்டை கட்ட வேண்டிய ஆளு நான். ஆதிரா சிட்டி ஆஸ்பத்திரியை விட்டுட்டு, மனுஷனைவிட ஆடு ஜாஸ்தி உள்ள ஒரு ஊருல போய் நைட் டூட்டி பாத்தா. அந்த ஊருக்கு நர்ஸ் வேணும். அதுக்காகக் குடுத்த பி.ஆர். ஆக்கும் இது."

நயினாருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பாதி, தவறான பாதி அல்ல. "அப்ப இவன்... இவன் ஆரு அதுல?" என்று சரோஜம் டீச்சரைக் கேட்டார். மைக்கில்தான் கேட்டார். அதைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

டீச்சர் கணக்குப் பாடம் நடத்தும் பொறுமையோடு சொன்னார்: "நயினாரே, உங்க ரேஷன் கார்டு ஆரு பேர்ல இருக்கு?"

"பகவதி பேர்ல. இப்ப எல்லா வீட்டுலயும் பொம்பளைங்க பேர்லதானே இருக்கு."

"அதுல உங்க பேரு?"

"உள்ள இருக்கு. மெம்பர்."

"அதேதான். கார்டு ஆதிராவோடது. கிரீஷ் மெம்பர்."

யாரோ ஒருவர் சிரித்தார். ஒருவர் சிரித்தால் ஹால் சிரிக்கும். சிரித்த ஆண்கள் எல்லாரும் ஏதோ ஒரு ரேஷன் கார்டில் மெம்பர்கள் என்பதால் அதில் குத்தல் இல்லை, கூட்டாளிச் சிரிப்புதான். ஆனால் நயினாரின் காது மடல் சிவந்துவிட்டது.

சிரிப்பு அடங்கும்போது டீச்சரின் கண் கடைசி வரிசைக்குப் போயிற்று. "அய்யோ, அது ஆதிராவல்லே? மோளே, அவிடெ இருக்காதே! ஸ்டேஜுக்கு வா. செக்ரட்டரி, இன்னொரு பொன்னாடை எடுக்கு!"

இன்னொரு பொன்னாடை இல்லை. தாணுமாலையன் கிரீஷின் மடியிலிருந்ததை உருவினான். கிரீஷ் சந்தோஷமாகக் கொடுத்தான்.

ஆதிரா எழுந்து நின்றாள். ஆனால் நடக்கவில்லை.

"டீச்சர் க்ஷமிக்கணும். நான் ஃபங்ஷன் பாக்கத்தான் வந்தேன்." கிரீஷிடமிருந்து கற்ற தமிழ், நெய்யாற்றின்கரை ராகத்தில் வந்தது. "ஸ்டேஜுக்கு ஆரு வேணும்னாலும் விளிப்பாங்க. நாளைக்கு ஃபிளெக்ஸை அவுத்துட்டா அது தீர்ந்து. எனக்கு வேண்டியது வேற ஒரு விளி. அது அப்பாவுக்கு அறியும்."

பகவதி தலையைக் குனிந்துகொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. பழவங்காடி கணபதிக்கு எத்தனை தேங்காய் என்று பேரம் நடந்துகொண்டிருக்கலாம்.

இப்போது ஹால் முழுக்க நயினாரைப் பார்த்தது. மைக்கும் அவர் கையில். ஓட வழியில்லை. ஆயுசெல்லாம் பைப்பு விற்றவருக்கு ஒன்று தெரியும்: பிரஷர் ஏறும்போது வால்வைத் திறக்காவிட்டால், வெடிக்கிற இடத்தை நாம் தீர்மானிக்க முடியாது.

தொண்டையைச் செருமினார். "நமது குடும்பத்தின் குலவிளக்காகிய..."

ஆதிரா அசையவில்லை.

"கடல் கடந்து தமிழர்... மலையாளிகள்... ஆகிய நமது பெருமையை நிலைநாட்டிய..."

"அத்தான்," என்று தாணுமாலையன் பின்னாலிருந்து பல்லைக் கடித்தான், "எலெக்ஷனுக்கா பேசுதிய?"

நயினார் வேட்டியை இறுக்கிக்கொண்டார். மைக்கைச் சற்றே கீழே இறக்கினார். குரலும் கூடவே இறங்கியது.

"மக்ளே... அன்னைக்குப் பந்தியில நான் ஒரு வார்த்தை சொன்னேன்."

"கேட்டேன்," என்றாள் ஆதிரா.

"ஊசி போடுததுக்கு ஆள் வேண்டாம்னு."

"ஆமா."

அவர் இடது கையால், சட்டைக்கு மேலே, வயிற்றில் ஓர் இடத்தைத் தடவினார்.

"வேணும். இவ போடுதது வலிக்குது. நாலு வருஷமா வலிக்குது." பகவதியைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார். "நீ வீட்டுக்கு வா, மக்ளே."

மன்னிப்பு என்ற சொல் அவர் கடைச் சரக்கில் கிடையாது. இருந்த சரக்கில் இதுதான் நல்லது. ஆதிராவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டாள். அப்புறம் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் குத்தினீங்க, அம்மே?" என்று பகவதியைக் கேட்டாள்.

"எனக்குக் கோவம் வந்த பக்கம்," என்றாள் பகவதி.

பழம்பொரி அன்றைக்குக் காலியான வேகத்தில் எந்தக் கூட்டத்திலும் காலியானதில்லை என்று செயலாளர் பின்னால் பதிவு செய்தார்.

விளக்கு வைத்த நேரத்துக்கு வீட்டு வாசலில் ஆரத்தி தயாராக இருந்தது. நாலு வருஷமாகத் தாம்பாளத்தை எடுத்து வைத்திருந்தவளுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்க எவ்வளவு நேரம் ஆகும்? தெரு முனையில் நின்று தாணுமாலையன் கத்தினான்: "அத்தான், ஃபிளெக்ஸை அவுக்கட்டா?"

"இருக்கட்டும்லே. பின்னால மாத்தி அடிச்சுக்கலாம்."

"கையை எடுக்கவா?"

"ஆளைச் சேக்கணும்!"

ஆதிரா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். நயினாருக்கு நெஞ்சில் நீண்ட நாளாகச் சொட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு குழாய் நின்ற மாதிரி இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து, மேல்துண்டால் விசிறிக்கொண்டு, பெரிய மனிதத் தோரணையில் மறுபடி ஏறினார். அதிக நேரம் கீழே இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

"எவ்வளவு நாள் லீவு, மக்ளே?"

"எனக்கு மூணு ஆழ்ச்சை, அப்பா. மூணு வாரம்."

"இவனுக்கு?"

சமையலறை வாசலில், பகவதி காலையில் எடுத்து வைத்த இடத்திலேயே, கம்பி சுற்றிய கைப்பிடியோடு அந்தப் பழைய குக்கர் இருந்தது. ஆதிரா அதைப் பார்த்தாள். பிறகு பகவதியைப் பார்த்தாள். பகவதி ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குக்கர் எதுக்கு வந்ததுன்னு நீங்க ஆரும் கேட்டில்லே?"

"நான் கேட்டேன்," என்றாள் பகவதி. "மரியாதைன்னு பதில் வந்துது."

"கிரீஷ்," என்றாள் ஆதிரா, "நீ பறயுமா, நான் சொல்லட்டா?"

கிரீஷ் நாற்காலி நுனியிலிருந்து எழுந்தான். திறந்த வாசலுக்கு அப்பால், தெருவிளக்கு வெளிச்சத்தில், கோட்டு போட்ட எட்டடி கிரீஷ் கங்காருவோடு நிரந்தரமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா," என்றான் உள்ளே இருந்தவன். "நம்ம பைப்புக் கடைக்கு இன்னொரு சாவி இருக்கா? எனக்கு."